பூட்டிய பீரோ நூலகம் ஆகாது

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிக்கூடங்களில் ஒரு வகுப்பறையை ஒதுக்கி நூலகமாக்குவது நல்ல முயற்சி. ஆனால் நூலகம் என்றதும் நாம் முதலில் வாங்குவது ஆளுயரக் கண்ணாடி பீரோவைத்தான். கதவில் நன்கொடையாளர் பெயர் இருக்கும். சாவி அலுவலக மேசைக்குள் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வெளியே நின்று அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகும்.

முதல் வஹீயே ஓதும்படி கட்டளையிட்டு இறங்கியது. மரணத்துக்குப் பின்னும் நன்மை தொடரும் மூன்று வழிகளில் நிலையான தர்மத்தையும் பயன் தரும் கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள் (முஸ்லிம்). எடுத்துப் படிக்க முடியாத கிதாபால் யாருக்கு என்ன பயன்? சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதும் இதே கருத்துதான்: புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான், பூட்டி வைக்க அல்ல.

எனவே பிள்ளையின் கை எட்டுவதை அளவுகோலாக வைத்து வாங்குவோம்.

அலமாரி: கதவு வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்கு உயரம் 4 அடி போதும். ஆழம் 10 முதல் 12 அங்குலம். ஒரு தட்டின் நீளம் 3 அடியைத் தாண்ட வேண்டாம். அவ்வளவு நீளத்துக்குப் புத்தகம் நெருக்கி அடுக்கினாலே 20 கிலோவுக்கு மேல் வரும். நீளம் கூடினால் பலகை நடுவில் தொய்ந்துவிடும். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி மேலே இருந்தால் தரை துடைக்கும் தண்ணீர் படாது. பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். ஆகவே அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குவது கட்டாயம். மலிவான மரத்தூள் பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே நீர் தாங்கும் பிளைவுட் நல்லது.

திறந்த அலமாரியில் முஸ்ஹஃபை எங்கே வைப்பது என்று சிலர் தயங்கலாம். மேல்தட்டை முஸ்ஹஃபுக்கும் தஃப்ஸீர், ஹதீஸ் கிதாபுகளுக்கும் ஒதுக்குவோம். கீழ்த்தட்டுகளில் கதை, அறிவியல் நூல்கள் இருக்கட்டும். அதபும் பேணப்படும், பிள்ளைகளுக்கும் புத்தகம் எட்டும்.

இருக்கை: உட்கார்ந்தால் உள்ளங்கால் தரையில் பதிய வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இருக்கை சுமார் 1 அடி உயரமும், மேசை அதற்கு மேல் 8 அங்குலமும் இருந்தால் சரியாக இருக்கும். பணம் குறைவா? மக்தபில் போல பாயும் தாழ்வான சாய்வுப் பலகையும் போதும். சுருட்டி வைத்தால் அறையும் விசாலமாகும்.

இடம்: அலமாரியால் ஜன்னலை மறைக்கக் கூடாது, புத்தகத்தில் நேர்வெயிலும் படக் கூடாது. நடக்க 3 அடி வழி விட்டால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் உள்ளே வரலாம்.

பணம்: ஸகாத் அதற்குரியவர்களுக்கே சேர வேண்டும், அதில் அலமாரி வாங்கக் கூடாது என்பதே பெரும்பான்மை இமாம்களின் கருத்து. ஸதகா, வக்ஃப் வழியாகச் செய்யலாம். ஜமாஅத் பணம் அமானிதம். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு பிள்ளையை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் அளந்து பார்ப்பது நிர்வாகிகளின் பொறுப்பு. நன்கொடையாளர் பெயரை அலமாரியின் ஓரத்தில் எழுதினாலும் போதும். பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு நன்மை எழுதப்படும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளைப் பயனுள்ள கல்வி பெற்றவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.