சிறந்த கோல்கீப்பர், விலை பூஜ்யம்

2021 ஜூன் மாதம் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரிக்கு வெசினா கோப்பை கிடைத்தது. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில், அந்த சீசனின் சிறந்த கோல்கீப்பருக்குக் கொடுக்கும் விருது அது. அடுத்த மாதமே, ஜூலை 27 அன்று, அவருடைய அணியான வேகஸ் கோல்டன் நைட்ஸ் அவரை சிகாகோ பிளாக்ஹாக்ஸுக்கு அனுப்பிவிட்டது. பதிலுக்கு வாங்கியது மிக்கேல் ஹக்கரைனன் என்ற இளம் வீரரை. அவர் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஏட்டில் எழுத ஒரு பெயர் வேண்டுமே என்று வாங்கிக்கொண்ட மாதிரி. சும்மா தூக்கிக் கொடுத்தார்கள் என்றே சொல்லலாம்.

இதென்ன கூத்து என்று தேடப் போய்த்தான் நான் இந்தக் கணக்குக்குள் விழுந்தேன். பெரிய சம்பளம் வாங்கும் நட்சத்திரத்தை டிரேட் செய்தால் என்ன கிடைக்கும் என்பது ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடம் ஓயாத சண்டை. ‘இவ்வளவு பெரிய ஆட்டக்காரர், ரெண்டு மூணு நல்ல வீரர்களாவது வர வேண்டாமா?’ என்று ஒரு கட்சி. ‘இந்தச் சம்பளத்தோடு இவரை யாராவது எடுத்துக்கொண்டாலே போதும்’ என்று எதிர்க்கட்சி. முதல் கட்சி ஆளை எடை போடுகிறது, இரண்டாவது கட்சி ஒப்பந்தத்தை எடை போடுகிறது. கை மாறும்போது இரண்டும் சேர்ந்துதான் மாறுகின்றன. சண்டை தீராததற்குக் காரணம் அதுதான்.

விதி என்ன என்று பார்ப்போம். சம்பளத் தகராறில் 2004-05 சீசன் முழுவதும் ரத்தானது. அதன் பிறகு என்.எச்.எல். சம்பள உச்சவரம்பைக் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் ஒரு அணிக்கு 3.9 கோடி டாலர். 2019-20 சீசனில் அது 8.15 கோடிக்கு வந்தது. கொரோனாவில் வருமானம் படுத்ததால் 2021-22 வரை அங்கேயே நின்றது. அபராதம் கட்டிவிட்டுத் தாண்டிப் போகலாம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரரானாலும் இதே வரம்புதான். ஒரு வீரரின் மொத்த ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்தால் வரும் சராசரி, ஒவ்வோர் ஆண்டும் இந்த வரம்பில் அவர் அடைக்கும் இடம்.

ஐ.பி.எல். ஏலத்திலும் அணிகளின் பணப்பைக்கு வரம்பு உண்டு. ஆனால் அங்கே ஒருவரின் விலையை அன்றைய ஏலம் தீர்மானிக்கிறது. இங்கே விலை பல வருஷத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்தானது. ஆள் மாறலாம், ஆட்டம் மாறலாம், எழுதிய எண் மாறாது. அதனால் டிரேட் மதிப்பு என்பது ஒரு கழித்தல் கணக்கு: அவர் தரும் ஆட்டத்தின் மதிப்பிலிருந்து, அவர் அடைக்கும் இடத்தின் மதிப்பைக் கழிக்க வேண்டும். மிச்சம் பூஜ்யமாகலாம். மைனஸிலும் போகலாம்.

ஃப்ளூரி அடைத்த இடம் 70 லட்சம் டாலர். வேகஸ் அணியில் ராபின் லேனர் என்ற இன்னொரு நல்ல கோல்கீப்பர் 50 லட்சத்துக்கு இருந்தார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வலைக்கு முன்னால் நிற்க முடியும். அதற்கு 1.2 கோடி. உச்சவரம்பு உயராத காலம் என்பதால் எல்லா அணிகளுக்கும் நெருக்கடி. 70 லட்சத்துக்குக் காலி இடம் வைத்திருந்தவர்களிடம்தான் பேச முடியும், அவர்கள் எதற்கு விலை கொடுக்கப்போகிறார்கள்?

எட்டு மாதம் போனது. 2022 மார்ச்சில் சிகாகோ அதே ஃப்ளூரியை மினசோட்டா வைல்டுக்கு அனுப்பியது. இந்த முறை இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமை கிடைத்தது, அதாவது புது இளைஞர்களைப் பொறுக்கும் வரிசையில் ஓர் இடம். மினசோட்டா பிளேஆஃபில் வெகுதூரம் போனால் அது முதல் சுற்றாக மாறும் என்று நிபந்தனையும் இருந்தது. ஆளுக்கு ஒரு வயது கூடியிருந்தது, கையில் விருதும் புதிதாக இல்லை. பிறகு எப்படி விலை ஏறியது? சிகாகோ பாதிச் சம்பளத்தைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டது. விதி அதிகபட்சம் 50 சதவீதம் வரை அதை அனுமதிக்கிறது. அதோடு, வரம்பு நாள் கணக்கில் ஓடுவது. வழக்கமான சீசனில் மீதி ஆறு வாரம்கூட இல்லாததால் மினசோட்டா அடைக்க வேண்டிய இடம் மிகச் சிறியது. ஆள் ஒருவர்தான், கழிக்க வேண்டிய எண் சுருங்கிவிட்டது.

மைனஸுக்கு உதாரணம் பாட்ரிக் மார்லோ. 2019 ஜூனில் அவருக்கு வயது 39, டொரொண்டோவில் அவர் அடைத்த இடம் 62.5 லட்சம். இளம் வீரர்களின் புது ஒப்பந்தங்களுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. மார்லோவை எடுத்துக்கொள்வதற்காகவே டொரொண்டோ தன் முதல் சுற்று உரிமையைக் கரோலைனாவுக்குக் கொடுத்தது. கரோலைனா ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்து மார்லோவை விடுவித்தது. அந்த உரிமை 2020 இல் 13-ஆவது தேர்வாக அமைய, சேத் ஜார்விஸை எடுத்தார்கள். 2023-24 சீசனில் அவர் அடித்தது 33 கோல். காலி இடம் வைத்திருந்ததற்குக் கிடைத்த வாடகை அது.

அப்படியானால் பெரிய சம்பளம் என்றாலே பாரமா? அதுவும் தப்பு. 2022 ஜூலையில் மாத்யூ கச்சக்கை ஃபுளோரிடா வாங்கியது. அவருக்கு ஆண்டுக்கு 95 லட்சம், எட்டு ஆண்டு ஒப்பந்தம். பதிலுக்கு ஜொனதன் ஹியூபர்டோ, மெக்கென்சி வீகர், இன்னொரு இளம் வீரர், கூடவே ஒரு முதல் சுற்று உரிமை. கால்கரிக்குத்தான் லாபம் என்று பலரும் பேசினார்கள், ஹியூபர்டோ முந்தைய சீசனில் 115 புள்ளி எடுத்தவராச்சே! ஆனால் கச்சக்குக்கு வயது 24, ஹியூபர்டோவுக்கு 29. அடுத்த மாதமே கால்கரி ஹியூபர்டோவுக்கு ஆண்டுக்கு 1.05 கோடி வீதம் எட்டு ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தது. முதல் சீசனில் அவர் எடுத்தது 55 புள்ளி. ஃபுளோரிடா 2024, 2025 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பையை வென்றது.

எனவே டிரேட் செய்தி வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஒப்பந்தம் எத்தனை வயது வரை ஓடுகிறது என்பதை. அடுத்து, சம்பளத்தில் எவ்வளவை பழைய அணி சுமக்கிறது. கடைசியாக, காலியான இடத்தில் யாரை உட்கார வைக்கிறார்கள். ஃப்ளூரி போன மறுநாளே வேகஸ் 50 லட்சத்துக்கு எவ்ஜெனி டடோனோவைக் கொண்டுவந்தது. அந்த சீசனில் வேகஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக பிளேஆஃபுக்கே போகவில்லை. இடத்தைக் காலி செய்வது பாதி வேலைதான்.

இந்தக் கணக்கை நம்புகிறவன்தான் நான். ஆனாலும் ‘இவனுக்கு மைனஸ் மதிப்பு’ என்று ரசிகர்கள் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது சுருக்கென்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து இரண்டு. அந்த எண்ணை எழுதியதில் அணிக்கும் பங்கு உண்டு. அன்று ஃப்ளூரிக்கு வேகஸ் தரப்பிலிருந்து யாருமே இன்னும் தகவல் சொல்லவில்லை என்று அவருடைய ஏஜென்ட் ட்விட்டரில் எழுதினார். தொடர்ந்து ஆடுவதா என்பதையே யோசிக்கப்போவதாகவும் சொன்னார். ஃப்ளூரி யோசித்துவிட்டு சிகாகோ போனார். 2021 டிசம்பர் 9 அன்று, சொந்த மாகாணமான கியூபெக்கில், மாண்ட்ரியால் அணிக்கு எதிராக ஒரு கோல்கூட விடாமல் ஜெயித்தார். அது அவருடைய 500-ஆவது வெற்றி. அதுவரை என்.எச்.எல். வரலாற்றில் இரண்டே இரண்டு கோல்கீப்பர்கள்தான் அந்த எண்ணைத் தொட்டிருந்தார்கள்.