தறிக்குழியில் பிறக்கும் களைப்பு

மூட்டை சுமப்பவர் மாலையில் களைத்துப் போவது நமக்கு எளிதில் விளங்குகிறது. ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில், தம் வீட்டிலேயே தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்பவர் ஏன் அவரைப் போலவே சோர்ந்து எழுகிறார்? அவர் கையாளும் நாடா சிறியது. இழையோ மயிரினும் மெல்லியது.

உணவிலிருந்து கிடைத்த ஆற்றல் தீர்ந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அது பொருந்துவதில்லை. நெசவுக்குச் செலவாகும் ஆற்றல், சுமை தூக்குவதற்கு ஆவதைவிடக் குறைவு. ஆகவே ஒரு பிடி சோறு கூடுதலாக உண்பதால் மட்டும் இக்களைப்பு தீராது. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

நெசவாளரின் கால் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகிறது. கை நாடாவைத் தள்ளுகிறது. அச்சை இழுத்து ஊடையை அடிக்கிறது. இத்தசைகள் சுருங்குகின்றன, உடனே தளர்கின்றன. தளரும்போது புதிய இரத்தம் உள்ளே பாய்கிறது. முதுகும் கழுத்தும் தோளும் அப்படியல்ல. முன்னோக்கிக் குனிந்த உடலைத் தாங்கியபடி அவை மணிக்கணக்கில் இறுகியே நிற்கின்றன. இறுகிய தசை தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. வேண்டிய அளவு உயிர்வளி வந்து சேருவதில்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் பிடித்து, கையைத் தோள் உயரத்தில் நீட்டி அசையாமல் நில்லுங்கள். சில நிமிடங்களில் தோள் கெஞ்சும். அதே செம்பை வீசி நடந்தால் வெகுதூரம் போகலாம்.

தசையில் லாக்டிக் அமிலம் என்னும் நஞ்சு சேர்வதே களைப்புக்குக் காரணம் என்று பழைய பாடநூல்கள் கூறின. இன்றைய உடலியலார் அதை அப்படியே ஏற்பதில்லை. லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. தசைக்குள் பாஸ்பேட் பெருகுவதும், சுருங்கு என்று தூண்டும் கால்சியம் போதிய அளவு வெளிப்படாமையுமே முக்கியக் காரணங்கள் என்று இப்போது கருதுகின்றனர்.

களைப்பை முதலில் அளந்து காட்டியவர்களுள் ஒருவர் இத்தாலியின் தூரின் நகரப் பேராசிரியர் ஆஞ்செலோ மொசோ. ஒரே விரலால் எடையை மீண்டும் மீண்டும் இழுக்கச் செய்து, ஒவ்வோர் இழுப்பின் உயரத்தையும் காகிதத்தில் வரையும் கருவியை அவர் அமைத்தார். களைப்பைப் பற்றிய அவருடைய நூல் 1891இல் வெளிவந்தது. அவருடன் பணியாற்றிய மஜ்ஜோரா கண்ட உண்மை ஒன்று வியப்பானது. விரல் முழுதும் ஓயும்வரை 30 முறை இழுத்தால், மீண்டும் பழைய வலிமை பெற இரண்டு மணி நேரம் பிடித்தது. பாதியில், 15 முறையோடு நிறுத்தினால்? ஒரு மணி நேரம் என்றுதான் நாம் கணக்கிடுவோம். அரை மணியே போதுமானதாக இருந்தது! கடைசிச் சில இழுப்புகளுக்கு உடல் கொடுக்கும் விலை அவ்வளவு அதிகம்.

தறியில் இதற்கு இடமுண்டு. ஊடைத் தார் தீரும்போதும், நெய்த துணியைச் சுருட்டும்போதும், அறுந்த இழையை முடியும்போதும் வேலை தானே நிற்கிறது. அந்த வேளையில் குழியைவிட்டு எழுந்து இடுப்பை நிமிர்த்தினால், நெரிபட்ட தசைகளுக்கு இரத்தம் கிடைக்கும். ஓயும்வரை நெய்துவிட்டுப் பிறகு நெடுநேரம் படுப்பதைவிட இது மேல்.

“புடவைக் கணக்கில் கூலி வாங்குபவரிடம் ஓய்வெடு என்பதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் சேர்த்துப் பதிவு செய்தனர். அந்தப் புள்ளிவிவரங்களைப் பொருளியலார் ஜான் பென்கவல் மீண்டும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார். வாரத்துக்கு 49 மணி வரை, உழைத்த நேரத்துக்கேற்ப உற்பத்தியும் கூடியது. அதற்குமேல் கூடும் அளவு குறைந்துகொண்டே வந்தது. 70 மணி உழைத்தவர்களின் உற்பத்தி, 56 மணி உழைத்தவர்களுடையதைவிட அதிகம் வேறுபடவில்லை. பீரங்கிக் குண்டும் பட்டுப்புடவையும் ஒன்றல்லதான். ஆனால் தசை ஒன்றே. எனினும் கூலி மிகக் குறைவாக இருக்கும் வீட்டில், தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருக்கையில், இரவு விளக்கை அணைப்பது நெசவாளர் கையில் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூலிக்கும் ஓய்வுக்கும் இப்படிப் பூசல் உண்டு. கண்ணைப் பொறுத்தவரை அந்தப் பூசலே இல்லை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஓர் ஊடை, இரு கரைகளுக்கும் வேறு ஊடைகள். மூன்று நாடாக்கள், பெரும்பாலும் துணைக்கு ஒருவர். கரையும் உடலும் ஒவ்வோர் இழையிலும் பின்னிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் புடவை காட்டிக் கொடுத்துவிடும். அருகில் பார்க்கும்போது கண்ணின் வில்லையைத் திரட்சியாக்க ஒரு சிறு தசை ஓயாமல் இறுகியிருக்கிறது. அவ்வப்போது தெருக்கோடியை நோக்கினால் அது தளரும். 40 வயதைத் தாண்டும்போது வில்லையே விறைத்துவிடுவதால், அருகில் இருப்பது மங்கலாகிறது. தலையை மேலும் சாய்க்கிறோம். கழுத்துக்கும் சுமை கூடுகிறது.

அசாமில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு அருகில் பார்க்கும் கண்ணாடி தரப்பட்டது. மற்றவர்களோடு ஒப்பிட, அவர்கள் பறித்த இலையின் வளர்ச்சி ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நேரம் கூடவில்லை, கண் தெளிந்தது, அவ்வளவே. இலையைவிட இழை நுண்ணியது.

புத்தகம் படிக்கும் தூரத்துக்கு அளந்த கண்ணாடி தறிக்குப் பொருந்தாமல் போகலாம். நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் நெய்யும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கண் மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நல்லது.