குளவிக் கூட்டில் உறவுக் கணக்கு

தேனீ நம்மைக் கொட்டும்போது அதன் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடுகிறது. கொடுக்கைப் பறிகொடுத்த தேனீ, வயிற்றுப் பகுதி கிழிந்து சிறிது நேரத்தில் மடிகிறது. கூட்டைக் காப்பதற்காகத் தன் உயிரையே கொடுக்கும் இந்தச் சிறிய ஜீவன், பெரும்பாலும் தனக்கென ஒரு குஞ்சைக்கூட விட்டுச் செல்வதில்லை. முட்டையிடும் பொறுப்பு ராணிக்கு மட்டுமே உரியது. வேலைக்காரத் தேனீக்கள் பிறர் பெற்ற சந்ததியை ஊட்டி வளர்ப்பதிலேயே தம் வாழ்நாளைக் கழிக்கின்றன.

இதில் வியப்புக்கு இடமென்ன என்று சிலர் கேட்கலாம். ஆனால் இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையை ஒப்புக்கொள்வோருக்கு இது பெரிய இடர்ப்பாடு. அதிகச் சந்ததிகளை விட்டுச் செல்லும் பிராணியின் குணங்களே அடுத்த தலைமுறையில் பெருகும் என்பது அக்கொள்கையின் சாரம். அப்படியானால், சந்ததியே இல்லாத ஒரு பிராணியின் தியாக குணம் எவ்வாறு தலைமுறை தலைமுறையாக நிலைத்து வருகிறது? 1859-இல் வெளியான தமது நூலில் டார்வினே இக்கேள்வியை எழுப்பினார். மலட்டு வேலைக்கார எறும்புகள் தமது கொள்கைக்கே உலை வைத்துவிடுமோ என்று முதலில் தோன்றியதாக அவர் ஒளிவின்றி எழுதினார். அவர் கண்ட விடையும் கவனிக்கத்தக்கது. சுவையான ஒரு காயைச் சமைத்து உண்டுவிட்டால் அந்தச் செடியின் கதை முடிந்தது. ஆயினும் தோட்டக்காரன் அதே குலத்து விதையை விதைத்து மீண்டும் அதே சுவையைப் பெறுகிறான். தேர்வு தனிப் பிராணியின்மீது மட்டுமன்றிக் குடும்பத்தின்மீதும் நிகழக்கூடும் என்று டார்வின் கருதினார். பாரம்பரியத்தின் விதிகள் தெளிவாகாத அக்காலத்தில் அவரால் இதற்கு மேல் செல்ல இயலவில்லை.

ஆற்றில் மூழ்கும் குழந்தை

'தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்று நம் நாட்டார் சொல்வதுண்டு. உறவினர்பால் நமக்குள்ள பற்று, நாம் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே எழுவது என்பதே இதன் கருத்து. இந்தத் தசையின் ஆட்டத்துக்கு எண்களைக் கொடுத்தவர்களுள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பிரிட்டனில் பிறந்து 1957-இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றி, இந்தியக் குடிமகனாகவே 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த பேரறிஞர் அவர்.

இங்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1955-இல், அவர் ஒரு கட்டுரையில் இவ்வாறு வாதிட்டார். வெள்ளம் பெருகிய ஆற்றில் ஒரு குழந்தை மூழ்குகிறது. குதித்தால் நீங்களே மாண்டுபோகப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிறருக்காகக் குதிக்கத் தூண்டும் அபூர்வமான ஒரு ஜீன், அதாவது பாரம்பரியக் கூறு, உங்கள் உடலில் இருப்பதாகக் கொள்வோம். அக்குழந்தை உங்கள் சொந்தக் குழந்தையாகவோ உடன்பிறந்ததாகவோ இருப்பின், அதே ஜீன் அதனிடமும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. இத்தகைய நிகழ்ச்சி பத்து முறை நேர்ந்தால், குதித்தவருள் ஒருவர் இறப்பார். காப்பாற்றப்பட்ட பத்துக் குழந்தைகளுள் ஐந்து அந்த ஜீனைத் தாங்கியிருக்கும். ஒன்று போய் ஐந்து மிஞ்சும். குழந்தை உடன்பிறந்தாரின் மகவானால் ஆதாயம் பாதியாகக் குறையும். உறவு விலக விலக ஆதாயமும் கரைந்துபோகும். இத்தனையும் எழுதிய ஹால்டேன், தாம் இருமுறை நீரில் தத்தளித்தோரைக் கரையேற்றியதாகவும், அப்போது இக்கணக்கைப் போட நேரம் இருக்கவில்லை என்றும் அதே கட்டுரையில் குறிப்பிட்டார். அது வேடிக்கைக்காகச் சொன்னது மட்டுமன்று. கணக்குப் போடுவது பிராணியன்று. எண்ணற்ற தலைமுறைகளில் நிகழும் தேர்வே அதைப் போட்டு முடிக்கிறது.

ஹாமில்டனின் விதி

சிதறிக் கிடந்த இக்கருத்துகளை ஒரு முழுமையான கணிதக் கொள்கையாக்கிய பெருமை டபிள்யூ. டி. ஹாமில்டன் என்ற இளம் ஆங்கிலேயருக்கு உரியது. 1964-இல் இரு பகுதிகளாக வெளியான அவரது கட்டுரையைத் தொடக்கத்தில் படித்தவர்கள் சிலரே. அதே ஆண்டில் ஜான் மேனார்டு ஸ்மித் இவ்வகைத் தேர்வுக்கு ஒரு பெயர் சூட்டினார். 'உறவுவழித் தேர்வு' என்று தமிழில் நாம் அதை வழங்கலாம்.

விதி எளியது. உதவி பெறுவோருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் அளவால் பெருக்க வேண்டும். அவ்வாறு வரும் தொகை, உதவி செய்வோருக்கு நேரும் இழப்பைவிட அதிகமாயின் அந்தப் பரோபகார குணம் பரவும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு 1/2. உடன்பிறந்தாருக்கிடையேயும் சராசரியாக 1/2. உடன்பிறந்தாரின் மக்களோடு 1/4. ஒரு பறவை தான் பெறக்கூடிய ஒரு குஞ்சைத் துறந்து, தன் சகோதரிக்கு உதவி மூன்று குஞ்சுகளை அதிகமாகப் பிழைக்க வைக்கிறது எனக் கொள்வோம். இழந்தது 1/2, பெற்றது மூன்று கால், அதாவது 3/4. ஆகவே துறவு லாபகரமானது. அதிகமாகப் பிழைத்த குஞ்சு ஒன்றே ஒன்றாயின் நஷ்டம்.

பெற்றோரின் உடன்பிறந்தார் மக்களோடு உறவு 1/8. இங்கே மொழிபெயர்ப்போன் சற்றுத் தயங்க நேர்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல். நமக்கோ சிற்றப்பன் மக்கள் வேறு, மாமன் மக்கள் வேறு. முன்னவர் உடன்பிறந்தாரைப் போன்றவர், பின்னவர் மணம் செய்துகொள்ள உரியவர். ஜீன்களின் பேரேட்டிலோ இவ்விருவருக்கும் ஒரே எண்தான். உறவுமுறை என்று நாம் வழங்குவதும், உயிரியலார் உறவு என்று அளப்பதும் ஒன்றல்ல என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கொள்கை இவ்வாறிருக்க, வெட்டவெளியில் இது உண்மையாகிறதா? கலிபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலைகளில் வாழும் பெல்டிங் தரையணில்களைக் கவனித்த பால் ஷெர்மன், 1977-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஊனுண்ணும் விலங்கு நெருங்கினால் ஓர் அணில் நிமிர்ந்து நின்று கூவி மற்றவற்றை எச்சரிக்கும். கூவும் அணில் எதிரியின் கண்ணில் எளிதில் பட்டுவிடும். இவ்வினத்தில் ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் சென்றுவிடும். பெண்களோ தாய் வளையின் அருகிலேயே தங்கும். ஆகவே அக்கம்பக்கத்தில் உறவு உள்ளவை பெண் அணில்களே. எதிர்பார்த்தபடியே பெண்களே அதிகமாகக் கூவின. அவற்றுள்ளும் உயிரோடுள்ள உறவினரை அருகில் உடையவை மற்றவற்றைவிட அதிகமாகக் கூவின.

முக்கால் பங்கு என்னும் மயக்கம்

எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் குலத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கருவுற்ற முட்டை பெண்ணாகும்; கருவுறாத முட்டை ஆணாகும். எனவே ஆணுக்குத் தந்தை கிடையாது. அதனிடம் உள்ளது ஒரே தொகுதி ஜீன்கள். அத்தொகுதி முழுவதையும் அது ஒவ்வொரு மகளுக்கும் அப்படியே அளிக்கிறது. இதனால் ஒரு தாய்க்கும் ஒரு தந்தைக்கும் பிறந்த சகோதரிகளுக்கிடையே உறவு 3/4 ஆகிவிடுகிறது. சொந்த மகளோடு உள்ளதோ 1/2 மட்டுமே. மகளைப் பெறுவதைக் காட்டிலும் தங்கையை வளர்ப்பது மேல் என்று ஆகிறது அல்லவா? இக்குலத்தில் வேலைக்காரச் சமூகங்கள் பலமுறை தனித்தனியே தோன்றியதற்கு இதுவே காரணம் எனப் பலரும் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சகோதரனோடு உள்ள உறவு 1/4 தான். தங்கையையும் தம்பியையும் சம அளவில் வளர்த்தால் சராசரி மீண்டும் 1/2 ஆகிவிடும். ராணி பல ஆண்களோடு கூடியிருந்தால் சகோதரிகளின் உறவும் இறங்கும். கறையான்களிடம் இந்த விசித்திரமே கிடையாது. ஆயினும் அவை மாபெரும் சமூகங்களாக வாழ்கின்றன. எண்கள் கவர்ச்சியாக அமைந்துவிட்டால் விஞ்ஞானிகளும் சில சமயம் மயங்கிவிடுவர்போலும்! விதியில் உள்ள மூன்று உறுப்புகளுள் உறவு ஒன்று மட்டுமே. நன்மை, இழப்பு என்ற மற்ற இரண்டையும் அளப்பது கடினம் என்பதால் அவை வெகுநாள் புறக்கணிக்கப்பட்டன. அவற்றை அளக்க முனைந்த முயற்சிகளுள் தலைசிறந்த ஒன்று நம் நாட்டில் நடைபெற்றது.

பெங்களூர்க் குளவிகள்

தென்னிந்தியாவில் ஜன்னல் சட்டங்களிலும் கூரை மறைவுகளிலும் கூடு கட்டும் ஒரு காகிதக் குளவி உண்டு. இதன் விஞ்ஞானப் பெயர் ரோபாலிடியா மார்ஜினேட்டா. தாவர நாரை மென்று, உமிழ்நீரோடு குழைத்துக் காகிதம் போன்ற பொருளாக்கி, அதைக் கொண்டு அறுகோண அறைகளை அமைக்கும். கூட்டுக்கு மேலுறை கிடையாது. ஆதலால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய வசதி. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் ராகவேந்திர கதக்கரும் அவருடைய மாணவர்களும் ஒவ்வொரு குளவியின்மீதும் வண்ணப் புள்ளிகளை இட்டு, பல்லாண்டுக் காலம் அவற்றின் அன்றாட வாழ்வைக் குறித்து வந்தனர்.

இக்குளவிகளிடையே ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவ வேற்றுமை கிடையாது. வேலைக்காரி மலடுமன்று. ராணியை அகற்றிவிட்டால், அதுவரை சாதாரணமாயிருந்த ஒரு குளவி உடனே மூர்க்கமாகி மற்றவற்றை அடக்கத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிடவும் செய்யும். இளங்குளவிகளைத் தனித்தனியே அடைத்து உணவு கொடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதி தாமே கூடு கட்டி முட்டையிட்டன. தனிக்குடித்தனம் நடத்த எந்தத் தடையுமில்லை. சில குளவிகள் அவ்வாறே பறந்து சென்று தனிக்கூடு கட்டுகின்றன. பெரும்பாலானவை மட்டும் ஏன் பிறர் குஞ்சுகளுக்கு இரை தேடிக்கொண்டு பிறந்த கூட்டிலேயே தங்குகின்றன?

உறவு மிக நெருக்கமாக இருக்கும் என்றே எவரும் ஊகிப்பர். அளந்து பார்த்தபோது நேர்மாறான உண்மை வெளிப்பட்டது. ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறது. அதனால் மகள்களிடையே உறவு 3/4 ஆக இல்லாமல் பாதியை ஒட்டியே நின்றது. மேலும், கூடு நீண்டகாலம் நிலைக்க, ராணிகள் ஒருவர்பின் ஒருவராக மாறுகின்றனர். புதிய ராணி பழைய ராணியின் மகளாகவோ தங்கையாகவோ இன்னும் தூரத்து உறவாகவோ இருக்கலாம். ஆகவே வேலைக்காரி வளர்க்கும் குஞ்சு தன் தங்கையாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. சகோதரியின் மகளாகவோ அதற்கும் அப்பாற்பட்டதாகவோ இருக்கலாம். நெருங்கிய உறவையும் தூரத்து உறவையும் கூட்டுக்குள் அவை பிரித்தறிவதாகவும் தெரியவில்லை. தன் கூட்டைச் சேர்ந்தது, சேராதது என்ற அளவிலேயே அறிகின்றன; அதுவும் பிறந்தபின் கூட்டிலிருந்து கற்றுக்கொள்ளும் மணத்தைக் கொண்டே.

அப்படியானால் கணக்கு எங்கே சரிக்கட்டப்படுகிறது? கதக்கர் இழப்பின் பக்கம் திரும்பினார். முட்டையிலிருந்து முழுக்குளவி வெளிவர ஏறக்குறைய 2 மாதம் ஆகிறது. வேலைக்காரக் குளவியின் சராசரி ஆயுளோ 1 மாதத்துக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். தனியே கூடு கட்டிய குளவி, குஞ்சு தேறுமுன் மடிந்தால் அதன் உழைப்பு முழுவதும் பாழ். இரை தேடி வெளியே பறக்கும் நேரத்தில் கூட்டைக் காக்கவும் ஆளில்லை. வெஸ்பா டிராப்பிகா என்னும் பெருங்குளவி வந்து குஞ்சுகளை வாரிக்கொண்டு போய்விடும். கூட்டுக் குடும்பத்தில் நிலைமை வேறு. வேலைக்காரி பத்தே நாள் உழைத்து மடிந்தாலும், அது ஊட்டிய குஞ்சுகளை மற்றவை வளர்த்து முடிக்கும். பாதி வேலைக்குப் பாதிக் கூலியேனும் நிச்சயம். தனித்து வாழ்வோருக்கோ முழு வேலைக்கு முழுக் கூலி. அதில் அணுவளவு குறைந்தாலும் பூஜ்யம். உறவு, உயிராபத்து, குஞ்சு வளர்க்கும் திறன், முட்டையிடும் திறன் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 95 குளவிகள் வேலைக்காரியாக வாழ்வதே தகும் என்று வந்தது. கூடுகளில் கண்ட உண்மை நிலைக்கு இது வெகு அருகில் இருந்தது.

இக்கொள்கையைப் பற்றிய தர்க்கம் ஓயவில்லை. 2010-இல் மார்ட்டின் நோவாக், கொரினா டார்னிட்டா, எட்வர்டு வில்சன் ஆகிய மூவரும் உறவுவழித் தேர்வு என்பதே தேவையற்ற கொள்கை என வாதிட்டனர். மறு ஆண்டு 137 விஞ்ஞானிகள் கையொப்பமிட்டு மறுப்பு வெளியிட்டனர். கையொப்ப எண்ணிக்கையால் உண்மை தீர்மானமாவதில்லை. ஆயினும் பெங்களூர்க் குளவிகளை அறிந்தோருக்கு, உறவை மட்டும் எண்ணுவதும் உறவை அடியோடு தள்ளுவதும் ஒருசேரக் குறையுடையனவாகவே தோன்றும்.

பேரேட்டில் இன்னுமொரு வரவு உண்டு. அது தானே ராணியாகும் நம்பிக்கை. இங்கேதான் குளவிகள் ஆராய்ச்சியாளரை முந்திவிடுகின்றன. ராணியை அகற்றினால் பட்டத்துக்கு வரும் குளவி எது? உடலின் பருமன், முன்பு காட்டிய ஆதிக்கம், சூலகத்தின் வளர்ச்சி எதைக்கொண்டும் அதை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. வயதில் மூத்தது என்ற அளவில் மங்கலான ஒரு குறி மட்டும் உண்டு. கூட்டைக் கம்பிவலையால் இரண்டாகப் பிரித்து, ராணியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி வைத்துச் சோதித்தனர். உண்மையான வாரிசு தலையெடுத்தபோது எந்தக் குளவியும் அதை எதிர்க்கவில்லை; வலைக்கு மறுபுறத்தில் முன்னர்த் தலைதூக்கியிருந்த குளவிகூட அடங்கியது. ராணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அகற்றிய மற்றொரு சோதனையிலும் சண்டையின்றியே வரிசைப்படி வாரிசுகள் வந்தன. ஒவ்வொரு குளவியின்மீதும் வண்ணப் புள்ளியிட்டுக் கண்காணித்தவர்களுக்குத் தெரியாத அந்த வரிசை, கூட்டிலிருந்த குளவிகளுக்கெல்லாம் முன்பே தெரிந்திருந்தது.