மேகநாத ஸாஹாவின் தேசத்தொண்டு

விஞ்ஞானிக்கு ராஜீய விவகாரங்களில் என்ன வேலை என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அணுவையும் நக்ஷத்திரத்தையும் ஆராய்பவன் ஆராய்ச்சிசாலையோடு நிற்க வேண்டும். வெள்ளமும் மின்சாரமும் பஞ்சாங்கமும் பிறர் காரியம் என்பது அவர்கள் கக்ஷி. டாக்டர் மேகநாத ஸாஹாவின் சரித்திரத்தை அறிந்தவர் அக்கக்ஷியில் நிற்பது கடினம்.

அவர் 1893-ஆம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி டாக்கா ஜில்லாவில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு ஆள் வேண்டியிருக்கப் பையனுக்கு மேற்படிப்பு எதற்கு என்பது வீட்டின் நிலைமை. அனந்த குமார தாஸ் என்னும் வைத்தியர் தம் வீட்டில் இடங்கொடுத்து ஆதரித்தார். இன்றேல் ஸாஹாவை உலகம் அறிந்திராது. அந்த வீட்டிலும் பையன் தான் உண்ட பாத்திரத்தைத் தானே கழுவ வேண்டும் என்பது ஜாதிக் கட்டுப்பாடு. பின்னர் கல்கத்தாவில் பிரஸிடென்ஸி காலேஜ் மாணவர் விடுதியிலும் உயர்ஜாதிப் பிள்ளைகள் அவரோடு உடனுண்ண மறுத்தனர். தேசத்தின் விடுதலையைப் பேசிய அதே இளைஞர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இவ்வாறு நடந்தார்கள் என்பதை நாம் மறைத்துப் பயனில்லை.

வங்கப் பிரிவினைக் கிளர்ச்சி மூண்ட 1905-இல் அவர் டாக்கா அரசினர் பள்ளியில் சேர்ந்திருந்தார். கவர்னர் புல்லரின் விஜயத்தை எதிர்த்த மாணவருள் ஒருவர் என்று பள்ளியினின்று விலக்கப்பட்டார். உபகாரச் சம்பளமும் போயிற்று. பிற்காலத்தில் சர்க்கார் நிதி இலாகாப் பரீட்சை எழுத விரும்பியபோது, புரட்சிக்காரரோடு பழகியவர் என்று அனுமதி மறுத்தார்கள். அந்நிய அரசாங்கம் நமக்குச் செய்த நன்மைகள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. ஒரு கணக்கு உத்தியோகஸ்தரை இழந்து ஒரு பௌதிக சாஸ்திரியைப் பெற்றோம்.

அவருடைய பெருமைக்கு அடிப்படை 1920-இல் வெளியான ஆராய்ச்சியாகும். நக்ஷத்திர ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்தால் வர்ணப்பட்டையில் கோடுகள் தோன்றும்; ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் தனிக் கோடுகள் உண்டு. ஒரு நக்ஷத்திரத்தில் ஹைட்ரஜன் கோடுகள் மிகுந்தும், மற்றொன்றில் கால்ஷியம் கோடுகள் மிகுந்தும் காணப்படுவானேன்? பொருள்களின் அளவே வேறு என்று நினைப்பது எளிது. அன்று, உஷ்ணமும் அழுத்தமுமே முக்கிய காரணம் என்று ஸாஹா காட்டினார். உஷ்ணம் ஏறினால் அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிரிந்து போகும். அழுத்தம் குறைந்தாலும் அப்பிரிவு மிகும். எலெக்ட்ரான் இழந்த அணுவின் கோடுகள் வேறு. எத்தனை பங்கு அணுக்கள் அவ்வாறு பிரிந்திருக்கும் என்பதை ஒரே சமன்பாட்டில் அவர் அடக்கிவிட்டார். அதைக் கைக்கொண்டே 1925-இல் ஸிஸிலியா பெய்ன் என்ற அம்மையார், நக்ஷத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். லண்டன் ராயல் சங்கம் 1927-இல் ஸாஹாவை அங்கத்தினராக்கியது.

இவ்வளவோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் வெள்ளம் அவரை விடவில்லை. தாமோதர நதியின் 1913-ஆம் வருஷத்து வெள்ளத்தில் மாணவராகவும், வடவங்கத்து 1922-ஆம் வருஷத்து வெள்ளத்தில் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயின் தொண்டராகவும் அவர் நிவாரண வேலை செய்தார். அரிசியும் துணியும் வழங்கிவிட்டு அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருப்பதா? நதியைக் கட்டுப்படுத்தி மின்சாரமும் பாசனமும் பெற வேண்டும் என்று 1935-இல் தாம் தொடங்கிய 'ஸயன்ஸ் அண்ட் கல்ச்சர்' பத்திரிகையில் ஓயாது எழுதினார். 1943-இல் தாமோதரம் மறுபடி பெருகிக் கல்கத்தாவின் ரயில் பாதையை அறுத்த பிறகே சர்க்கார் கமிட்டி அமைத்தது. ஸாஹாவும் அதில் இருந்தார். 1948-இல் தாமோதரப் பள்ளத்தாக்கு ஸ்தாபனம் சட்டமாயிற்று. திட்டமிட்ட அணைகள் யாவும் எழவில்லை. எழுந்தவற்றால் ஊரிழந்த ஏழைக் குடிகளின் துயரமும் சிறிதன்று. இதையும் கணக்கில் சேர்க்காமல் அணையைப் புகழ நாம் ஒப்போம்.

1938-இல் காங்கிரஸ் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் தேசியத் திட்டக் கமிட்டியை அமைத்ததில் ஸாஹாவின் தூண்டுதல் பெரிது. பண்டித நேரு தலைமை வகித்தார். கதரும் ராட்டையும் தேசத்தின் வறுமையைத் தீர்க்கா, பெருந்தொழிலும் மின்சாரமும் வேண்டும் என்று ஸாஹா ஒளிவின்றிச் சொன்னார். மகாத்மாவின் அன்பர்கள் மனம் வருந்தினர். ராட்டை கோடிக்கணக்கான ஏழைகளுக்குத் தன்மானத்தையும் சிறு கூலியையும் அளித்ததை அவர் குறைத்தே மதிப்பிட்டார் என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் காங்கிரஸ் பந்தலுக்குள்ளேயே இதைச் சொல்லத் துணிந்தவர் எத்தனை பேர்?

சுதந்திரத்துக்குப் பின்னும் அவர் துதி பாடவில்லை. 1952-இல் இடதுசாரிகளின் ஆதரவுடன் கல்கத்தாவில் சுயேச்சையாக நின்று பார்லிமெண்டுக்குச் சென்றார். அகதிகளுக்காக வாதாடினார். அணுசக்தி ஆராய்ச்சியை ரகசியத் திரைக்குள் வைப்பதை, நேருவின் முன்னிலையிலேயே கண்டித்தார்.

அதே வருஷம் பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைவரானார். தேசத்தில் அன்று சுமார் முப்பது பஞ்சாங்க முறைகள் வழங்கின. நம் பழைய சித்தாந்தப்படி கொள்ளும் வருஷம், பருவங்களைத் தரும் மெய்யான வருஷத்தைவிட ஏறக்குறைய ஒரு நாழிகை அதிகம். ஒரு நாழிகைதானே என்று இருந்துவிட்டோம். ஆயிரத்து நானூறு வருஷங்களில் அது இருபத்து மூன்று நாளாக வளர்ந்துவிட்டது. சூரியன் டிசம்பர் 22-ந் தேதி வாக்கிலேயே வடக்கே திரும்பிவிட, நாம் தை முதல் தேதியன்று உத்தராயணப் புண்ணிய காலம் என்று ஸ்நானம் செய்கிறோம். கமிட்டி 1955-இல் யாதாஸ்து அளித்தது. மார்ச் 22-ந் தேதியில் தொடங்கும் சக வருஷத்தைச் சிபார்சு செய்தது.

1956-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி, டில்லியில் திட்டக் கமிஷன் காரியாலயத்துக்குப் போகும் வழியில் ஸாஹா மாரடைப்பால் விழுந்து உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு மார்ச் 22-ந் தேதி புதிய பஞ்சாங்கம் அமுலுக்கு வந்தது. சர்க்கார் கெஜட்டில் அத்தேதி அச்சாகிறது. நம் வீடுகளில் சித்திரை முதல் தேதி ஏப்ரல் மத்தியில்தான் பிறக்கிறது.