ஓடிக் கடக்கும் பதாகை

இரண்டு கம்புகளுக்கிடையில் உயரமான கடதாசிப் பதாகை. அதைக் கிழித்துக்கொண்டு வீரர்கள் மைதானத்துக்குள் ஓடுகிறார்கள். அவுஸ்திரேலியக் காற்பந்தின் வழக்கம் இது. 1859இல் மெல்பேர்ணில் விதி எழுதப்பட்ட, அணிக்கு 18 பேர் ஆடும் விளையாட்டு. 2017 முதல் அதன் தேசிய லீக்கில் பெண்கள் அணிகளும் ஆடுகின்றன. ஹெவ்லொக் பார்க்கில் றக்பி பார்த்த எமக்கு இது புதிது.

ஒருவருடைய 50ஆவது, 100ஆவது ஆட்டமென்றால் பதாகையில் அவர் பெயர் இருக்கும். பெரிய கழகங்களில் ஆதரவாளர்கள் கூடியிருந்து கிறேப் கடதாசியில் ஒட்டுகிறார்கள். சிறுவர் கழகங்களுக்கு ஒவ்வொரு முறையும் அது கட்டுபடியாகுமா? ஆகவே துணி. நடுவே வெல்க்ரோ பட்டி. பிள்ளை ஓடிவர இரண்டாய்ப் பிரியும், பிறகு திரும்ப ஒட்டலாம். பெயரும் இலக்கமும் தனித் துண்டுகள், கழற்றி மாற்றலாம்.

ஹெவ்லொக் டவுனில் அறையெடுத்துத் தைக்கும் சகோதரி ஒருவருக்கு மெல்பேர்ண் உறவினர் மூலம் இப்படியொரு வேலை கிடைத்தது. துணி, நூல், வெல்க்ரோ, இவற்றுக்கு மட்டும் கணக்குப் பார்த்திருந்தார். எழுத்து வெட்டிய இரவுகள்? கம்பு நுழையும் உறைக்கு இரட்டைத் தையல் போட்ட நேரம்?

"சொந்தக்காரரிட்ட எப்பிடி மிஸ் கேக்கிறது?" என்றார்.

கேட்கத்தான் வேண்டும், சகோதரிகளே. உறவு என்பதற்காக மெஷினுக்கு முன்னால் இருந்த மணித்தியாலங்கள் குறைந்துவிடாது. இருவருமாக இருந்து மணிக்கணக்கை எழுதினோம். விலை இரண்டு மடங்கானது. உறவினர் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், ஆனால் முன்பணம் அனுப்பினார்.

இலக்கத்தை வெட்டும்போது, "ஒரே கழகத்தில ஐம்பது தரமோ!" என்று வியந்தார். 2009க்கு முந்திய இரண்டு வருடத்தில் அவருடைய மகன் நாலு பள்ளிக்கூடம் மாறியவன்.