ஒரே பாட்டிலில் ஏன் கலக்கக் கூடாது? - உப்பளம் தந்த விடை

சென்ற ஆண்டு எங்கள் பள்ளித் தோட்டத்தில் தக்காளிக் காய்கள், காம்புக்கு எதிர்ப்பக்கம் கறுத்து அழுகின. கத்தரிச் செடிகளின் அடியிலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளானது. உரக்கடையில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த திரவ உரத்தைக் காட்டினார்கள். சில நூறு ரூபாய் விலை. தோட்டத்துக்கெனத் தனி நிதி இல்லாத பள்ளிக்கு அது பெருந்தொகை. நாமே தயாரிக்கலாம் என்று மாணவர்களுடன் இறங்கினேன். முதல் முயற்சி வீணானது. ஆனால், அந்த ஆண்டு நான் நடத்திய நல்ல பாடங்களில் ஒன்று அந்தத் தோல்வியிலிருந்துதான் கிடைத்தது.

எந்த இலை?

குறைபாட்டைக் கண்டறிய மாணவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. பச்சையத்தின் மையத்தில் இருப்பது மெக்னீசியம். அது பற்றாதபோது செடி பழைய இலைகளிலிருந்து எடுத்துப் புதிய இலைகளுக்கு அனுப்புகிறது. எனவே அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன. கால்சியம் அப்படி இடம் மாறாது. வேர் உறிஞ்சும் நீரோடு மட்டுமே மேலே செல்லும். அதனால் அதன் குறை புதிய இலைகளிலும் காய்களிலும் தெரியும்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மண்ணில் கால்சியம் இருந்தாலும், தண்ணீர் விட்டு விட்டுக் கிடைத்தால் காய்க்கு அது போய்ச் சேராது. எங்கள் தோட்டத்தில் சனி, ஞாயிறு தண்ணீர் ஊற்றுவார் இல்லை. மண்ணோ மணல் மண். ஆகவே உரத்துக்கு முன்பாக இரண்டு வேலைகள் செய்தோம். விடுமுறை நாள்களில் நீர் ஊற்ற முறை வைத்தோம். செடிகளின் அடியில் காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டோம். இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

தயாரிக்கும் முறை

கால்சியத்துக்கு முட்டை ஓடு. சத்துணவு முட்டையால் அது நம் பள்ளிகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். 10 ஓடுகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பொடித்து, 1 லிட்டர் வினிகரில் சிறிது சிறிதாகப் போடவேண்டும். நுரைத்து வருவது கார்பன் டை ஆக்சைடு. எனவே பாட்டிலை இறுக மூடக் கூடாது. மூன்று நாள் கழித்து வடிகட்டினால் கால்சியம் அசிட்டேட் கரைசல் தயார். 4 சதவீத வினிகர் சுமார் 33 கிராம் ஓட்டைத்தான் கரைக்கும். அடியில் கொஞ்சம் ஓடு மிஞ்சவேண்டும். அமிலம் தீர்ந்ததற்கு அதுவே அடையாளம்.

மெக்னீசியத்துக்கு எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட். உரக்கடைகளில் கிடைக்கும். 100 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்தோம். இதில் பத்தில் ஒரு பங்குதான் மெக்னீசியம். எடையில் பாதிக்கு மேல் படிக நீர். பத்தாம் வகுப்பு ‘கரைசல்கள்’ பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு.

வெள்ளைப் படிவு

இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி வைத்தேன். மறுநாள் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கெட்டுவிட்டதோ என்று நான் யோசிக்கையில் ஒரு மாணவி சொன்னாள்: “சார், எங்க அம்மா வேலை பாக்குற உப்பளத்துலயும் உப்பு விளையுறதுக்கு முன்னாடி பாத்தியில இப்படித்தான் வெள்ளையாப் படியும்.”

அவள் சொன்னது சரி. அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். 1 லிட்டர் கடல்நீரில் சுமார் 0.4 கிராம் கால்சியமும் 1.3 கிராம் மெக்னீசியமும் உள்ளன. மரக்காணம் உப்பளங்களில் நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட், அடுத்து ஜிப்சம், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டியபின் சமையல் உப்பு என வரிசையாகப் பிரிகின்றன. மெக்னீசியம் கடைசிவரை கசப்புத் தண்ணீரில் தங்கிவிடுகிறது.

1 லிட்டர் நீரில் 2 கிராம் அளவுக்கே ஜிப்சம் கரையும். என் பாட்டிலில் கால்சியமும் சல்பேட்டும் அடர்த்தியாகச் சந்தித்தன. ஜிப்சமாகி அடியில் இறங்கின. எனவே இரண்டு கரைசல்களும் தனித்தனிப் பாட்டிலில் இருக்கவேண்டும். ஊற்றும்போது 1 லிட்டர் நீரில் ஒவ்வொன்றிலும் 10 மி.லி. சேர்த்தால் படியாது. ஒரு பாட்டில் 100 லிட்டருக்கு வரும்.

“அப்ப அந்தக் கசப்புத் தண்ணியையே ஊத்தலாமா சார்?” என்று இன்னொருவன் கேட்டான். காய்ப்பு முடிந்த ஒரு கத்தரிச் செடிக்கு ஊற்றிப் பார்த்தோம். மாலைக்குள் வாடிவிட்டது. அதில் சோடியமும் குளோரைடும் மிக அதிகம். மெக்னீசியம் இருக்கிறது என்பதற்காக அது உரமாகிவிடாது.

படிந்த ஜிப்சத்தையும் நாங்கள் கொட்டிவிடவில்லை. எங்கள் பகுதி விவசாயிகள் மல்லாட்டைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் இடுவார்கள். ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது பரிந்துரை. மண்ணுக்குள் வளரும் காய், தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்வதே காரணம். எங்கள் படிவும் மல்லாட்டைப் பாத்திக்குப் போனது.

இந்த ஆண்டு

அழுகிய காய்கள் தேறவில்லை. ஆனால், அடுத்து வந்த காய்கள் நன்றாக இருந்தன. காரணம் தண்ணீரா, உரமா? இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் சொல்ல முடியாது என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள். அதனால் இந்த ஆண்டு இரண்டு பாத்திகள்: ஒன்றுக்குச் சீரான நீர் மட்டும், மற்றதற்கு அதே நீருடன் கரைசலும். காய்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது எட்டாம் வகுப்பின் பொறுப்பு.

உங்கள் பள்ளியிலும் நாளைக்கே முட்டை ஓடுகளைச் சேர்க்கத் தொடங்கலாம். பாட்டில்கள் மட்டும் இரண்டாக இருக்கட்டும்.