வெள்ளைக்கு அஞ்சாத பிளாக் நைட் சாகுமா?

“டேய், அது டார்கெட்டே பண்ணலடா. மொத்தத்தையும்தான் காலி பண்ணுது!”

கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையை ஒட்டிய ஒரு திண்ணையில் கல்லூரிப் பிள்ளைகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘மேஜிக் தி கேதரிங்’ என்ற சீட்டாட்டம். ஒருவன் ‘ராத் ஆஃப் காட்’ சீட்டை இறக்கிவிட்டான். எதிராளியின் ‘பிளாக் நைட்’ என்ற கிரியேச்சர் (களத்தில் போரிடும் உயிரினச் சீட்டு) சாகுமா, பிழைக்குமா என்பதுதான் தகராறு.

பிளாக் நைட்டுக்கு வெள்ளை நிறச் சீட்டுகளிடமிருந்து பாதுகாப்பு உண்டு. ராத் ஆஃப் காட் வெள்ளைச் சீட்டு. பிழைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சாகும்.

இந்தப் பாதுகாப்பு தடுப்பது நான்கே காரியங்களைத்தான். வெள்ளைச் சீட்டால் வரும் சேதம் பிளாக் நைட்மேல் ஏறாது. வெள்ளை கிரியேச்சர் அதன் தாக்குதலை மறிக்க முடியாது. வெள்ளை மந்திரம் அதைக் குறிவைக்க முடியாது. வெள்ளைச் சீட்டை அதன்மேல் பூட்டவும் முடியாது. ராத் ஆஃப் காட் இதில் எதையும் செய்வதில்லை. யாரையும் குறிவைக்காமல், சேதக் கணக்கும் இல்லாமல், களத்தில் நிற்கும் கிரியேச்சர் அத்தனையையும் அழிக்கிறது. இரண்டுமே 1993-இல் வந்த முதல் தொகுப்புச் சீட்டுகள். புதிதாக ஆட வருகிறவர்கள் இன்றும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பாதுகாப்புக்குச் சொந்தக்காரர், எதிரி என்ற பேதமும் கிடையாது. வலுவைக் கூட்டும் வெள்ளைச் சீட்டு உங்கள் கையிலேயே இருந்தாலும் உங்கள் பிளாக் நைட்டுக்கு அதைப் பூட்ட முடியாது. குழப்பம் அதிகம் என்று 2015-இல் இந்தத் திறனை வழக்கமான பட்டியலிலிருந்து ஒதுக்கினார்கள். 2019-இல் திரும்பிவிட்டது.

என் கவலை வேறு. இந்த ஆட்டம் கைபேசிக்கும் வந்துவிட்டது. பாதுகாப்புள்ள கிரியேச்சரை அந்த நிறத்து மந்திரத்தால் குறிவைக்கப் போனால், திரை தேர்ந்தெடுக்கவே விடாது. ஏன் என்று கேட்கவும் வேண்டாம், சீட்டை வாசிக்கவும் வேண்டாம். தவறாக ஆட வழியில்லை, புதியவர்களுக்கு எளிது என்பார்கள். சரிதான். ஆனால் பிள்ளைகள் இழப்பது பெரிது. இந்தச் சீட்டுகள் பிரெஞ்சிலும் ஜப்பானியத்திலும் அச்சாகின்றன, தமிழில் இல்லை. ஆங்கில விதியை வரிவரியாகப் படித்து, தமிழில் வாதாடி, எதிராளியை ஒப்புக்கொள்ள வைப்பது சாதாரணப் பயிற்சியா? எந்த டியூஷனில் அது கிடைக்கும்? கைபேசியில் அந்த வாதத்துக்கே இடமில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஆட்டத்தைப் பழக்கும் அண்ணன்கள், அக்காக்கள் காகிதச் சீட்டில் தொடங்குங்கள். விதியை அவர்களே சத்தமாக வாசிக்கட்டும்.